எண்ணெய் மிதக்காத சோளக் கூட்டு

“வீட்டில் சமையல் யார்?”

டாக்டர் கேட்டது இந்த ஒரே கேள்விதான். மருத்துவமனையிலிருந்து மச்சானை வீட்டுக்கு அனுப்பும் நாள். மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே கொஞ்சம் தோட்டமும் உண்டு. மாரடைப்பு வந்து, கோவைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவரும் வெளியே நாங்களுமாக... சரி, அதை விடுங்கள். ஆள் பிழைத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் டாக்டருக்குக் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார்.

“என்ற சம்சாரந்தானுங்க. இவ வெக்கற சோளக் கூட்டுக்குன்னே சொந்தபந்தமெல்லாம் எங்க தோட்டத்துக்கு வருவாங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். சிரித்தார். “அப்படியா? அப்போ உங்களை இங்கே கொண்டு வந்து சேர்த்ததே இவங்கதான்!”

விளையாட்டாகத்தான் சொன்னார். நல்ல மனிதர், ஒரு உயிரைக் காப்பாற்றியவர். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். மச்சானும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த துணிப்பையின் காதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அடுத்து விரலை மடக்க ஆரம்பித்தார். தேங்காய் ஆகாது. தேங்காய்ப்பால் ஆகவே ஆகாது. எண்ணெய் பெயருக்கு ஒரு ஸ்பூன். உப்பு பாதி.

தேங்காய் எண்ணெய் மில்காரரிடம் போய்!

அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்று சொன்னதால், காங்கேயம் போகாமல் இருவரும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். எங்கள் வீடு சிங்காநல்லூரில். என் மனைவி விஜயா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறாள். நான் வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் — அதாவது, பகல் முழுக்க வீட்டில் இருப்பவன். அக்கா கூட இருக்கும்போது சமையலுக்கு என்ன கவலை என்று நினைத்தேன்.

அக்கா அடுப்படிக்குள் காலே வைக்கவில்லை.

முதல் நாள் அலுப்பு என்று நினைத்தோம். இரண்டாவது நாளும் அப்படியே. கூடத்தைக் கூட்டினாள். துணி துவைத்தாள். என் புத்தக அலமாரியைக்கூடத் துடைத்து அடுக்கினாள். அடுப்படி வாசல்படி வந்தால் மட்டும் நின்றுவிடுவாள்.

“உப்பு சரியா இருக்குதான்னு சித்த பாருக்கா” என்று கரண்டியை நீட்டினேன்.

“நீயே பாத்துக்க கண்ணு” என்று திரும்பிக்கொண்டாள்.

என் அக்கா ருக்மணி சாதாரணச் சமையல்காரி இல்லை. அந்தச் சோளக் கூட்டைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். மக்காச்சோளம் பால் பிடித்து இளசாக இருக்கும்போதே கருதை ஒடித்துக்கொண்டு வந்து, மணிகளைச் சீவி எடுத்து, சின்ன வெங்காயத்தோடு வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்குவாள். அதன் மேல் தேங்காய் எண்ணெயில் தாளிப்பு. அதற்கும் மேல் பச்சை எண்ணெய் ஒரு கரண்டி. சோறு, களி, சந்தகை... எதற்கும் அதுதான் தொட்டுக்கொள்ள. பாத்திரத்தைச் சாய்த்தால் கூட்டுக்கு முன்னால் எண்ணெய்தான் வரும். அந்த வீட்டில் அது ஒரு கௌரவம். மச்சானுடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். எண்ணெய் மிதக்காத கூட்டை விருந்தாளிக்கு வைத்தால், வந்தவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்படிச் சமைத்த கை, இப்போது என் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஆக, சமையல் எங்கள் தலையில் விழுந்தது. காலையில் விஜயா ஆபீஸ் கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு குழம்பு வைப்பாள். மச்சானுக்குத் தனியாக, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில், எண்ணெய் இல்லாமல், தேங்காய் இல்லாமல், அரை உப்பில் ஒன்று. மதியம் சூடு பண்ணிப் பரிமாறுவது என் பொறுப்பு. மச்சான் அந்தப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பார். மூடுவார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “போதும் மாப்ள” என்று கையைக் கழுவப் போவார்.

சட்டை தொளதொளத்தது. இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட்டை இன்னும் இறுக்கினார். டாக்டர் எடையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். “சாப்பாடு இறங்கலைன்னா மருந்து எப்படிங்க வேலை செய்யும்?”

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மச்சானுக்குப் பிடித்த சோளக் கூட்டையே லேசாகச் செய்து கொடுத்தால் என்ன? வார இதழ் ஒன்றில் டயட் சமையல் பக்கம் வருமே — அதைப் பார்த்துக்கொண்டேன். தேங்காய்ப்பாலுக்குப் பதில் ஆடை எடுத்த பால். எண்ணெய்க்குப் பதில்... ஒன்றும் இல்லை. எவ்வளவு சுலபம்!

சந்தையில் நல்ல பெரிய கருதாகப் பார்த்து வாங்கினேன். பெரிய கருது என்றால் முற்றல் கருது என்பது எனக்குத் தெரியாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் மணி கோலிக்குண்டு மாதிரியே இருந்தது. அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. உப்பு குறைவாக இருக்கிறதே என்று நான் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பால் திரிந்துவிட்டது.

மச்சான் ஒரு வாய் வைத்தார். வெகு நேரம் மென்றார்.

“மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. சோளத்துக்குக் கருமாதியே பண்ணிப்போட்டீங்க.”

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கும் அவர் எழுந்து போனது அரை வயிற்றோடுதான்.

காலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மச்சான் அதில் மட்டும் குறை வைக்கவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், நிதானமாகத்தான் திரும்புவார். போகப்போக அந்த நடை நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துவிடப் போகிறாரே என்று குடையை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அதன் தகரக் கூரைக்குக் கீழே மச்சான். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கையில் பாதி கடித்த தேங்காய் பன்.

என்னைப் பார்த்ததும் பன்னை மறைக்கப் பார்த்தார். மறைக்க இடம் இல்லை. அறுபதை நெருங்கும் மனிதர், மில்லில் அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவர் — அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

“உங்கக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க மாப்ள.”

“மச்சான், டாக்டர் என்ன சொன்னாருங்க? நீங்க...”

“தெரியுமுங்க.” பன்னைக் காகிதத்தில் சுற்றினார். “ருசிக்கு வரலீங்க மாப்ள. சத்தியமா. பன்னு என்ன பெரிய ருசி?”

“அப்புறம் எதுக்குங்க?”

மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இங்க வந்தா நான் ஒரு ஆளுங்க. டீ குடிக்க வந்த ஆளு. ஊட்டுல நான் ஒரு நோவு. தட்டுல சோறு விழுந்ததும் மூணு பேரும் என்ற மூஞ்சியையே பாக்கறீங்க. நீங்கெல்லாம் ஒண்ணு திங்கறீங்க, எனக்குன்னு மூடி போட்டு ஒண்ணு வருது. உங்ககூட உக்காந்துக்கிட்டே நான் தனியாத் திங்கறேன் மாப்ள.”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் அக்கறை என்று நினைத்தோம்! பாசமாகத் தனிப் பாத்திரம் வைத்தோம். அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

“அதுகூடப் பரவால்லீங்க” என்றார் மச்சான். “உங்கக்கா அடுப்புப் பக்கமே போறதில்ல, கவனிச்சீங்களா? அவ சமையல்தான் என்னைப் படுக்கப்போட்டுதுன்னு நெனச்சுக்கிட்டா. டாக்டர் சொன்னதும் அப்படியே மனசுல தச்சுக்கிச்சு.”

“அவர் விளையாட்டுக்குச் சொன்னாருங்க மச்சான்.”

“விளையாட்டுத்தான். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? அவ எண்ணெயைக் கொறச்சுத்தான் ஊத்துவா. நெஞ்சு கரிக்குதுன்னு நான் சொன்ன நாள்ல இருந்தே, போதும் போதும்னு சொல்லுவா. நான்தான் எண்ணெய்த் தூக்கை இங்க கொண்டான்னு வாங்கி, நானே ஊத்திக்குவேன். இத்தனை பேருக்கு எண்ணெய் ஆட்டிக் குடுக்கறவன் ஊட்டுல எண்ணெய்க்குப் பஞ்சமான்னு சத்தம் போட்டிருக்கறேன், விருந்தாளிக முன்னாலயே.”

“இதை அக்காகிட்டச் சொல்லீட்டீங்களா?”

“அதெப்படிங்க சொல்றது...” என்றார் மச்சான்.

அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, ஒரு வாக்கியம் வாயிலிருந்து வர மாட்டேன் என்கிறது! அவரைக் குறை சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது?

குடைக்குள் இருவரும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மத்தியானம் கொல்லைப்பக்கம் போனேன். அக்கா மச்சானுடைய சட்டையைத் துவைக்கும் கல்லில் போட்டு, பையைத் திருப்பி உதறிக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊறிய காகிதம் ஒன்று வெளியே வந்தது. கூடவே கொஞ்சம் பன் தூள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெனமும் இருக்குது தம்பி” என்றாள். “மொத நாளே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?”

“என்னன்னு கேக்கட்டும்?” கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டினாள். “நான் செஞ்சு போட்டா அவரு செத்துப்போவாரு. செய்யாம உட்டாலும் செத்துப்போவாராட்ட இருக்குது. எந்தப் பக்கம் போறதுன்னு எனக்குத் தெரியலையே கண்ணு...”

அவ்வளவு நாளும் அழாதவள், சட்டையை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு எழுதத்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குழாய் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பிரச்சினையைத் தீர்த்தது நானா என்றால், இல்லை. விஜயா. அதுவும் தீர்க்கிறோம் என்று தெரியாமலேயே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு லீவு. காலையிலிருந்து பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நொந்துபோயிருந்தாள்.

“ஏனுங்க, இனிமே இந்த ரெண்டு ரெண்டு பாத்திரம் என்னால ஆகாதுங்க. ரெண்டு குழம்பு, ரெண்டு பொரியல், ரெண்டு கரண்டி! இன்னைக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அண்ணனுக்கு என்னவோ அதுதான் எல்லாத்துக்கும்.”

சொன்னபடியே செய்துவிட்டாள். மேசையில் மூடி போட்ட பாத்திரம் இல்லை. ஒரே சட்டி. எல்லோர் தட்டிலும் அதே வெளிறிய குழம்பு, அதே வெந்த காய்.

நான் ஒரு வாய் வைத்தேன். மெல்வதை நிறுத்தினேன்.

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். அது சோறே இல்லை. இத்தனை நாளாக மச்சானிடம் ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லதுங்க’ என்று நான் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா? பரிமாறியது நான். ஒரு நாளாவது நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எதிரே மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்குதுங்க மாப்ள?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். விஜயாவும் சிரித்தாள். “நல்லாவே இல்லீங்க, நானே ஒத்துக்கறேன்” என்றாள். அத்தனை பேரும் ஒரே தட்டுக் கஷ்டத்தில் இருந்தோம். அதுதான் அவருக்கு வேண்டியிருந்திருக்கிறது போல.

சிரிப்பு அடங்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே மச்சான் சொன்னார்.

“ருக்கு... நீ கொறச்சுத்தான் ஊத்துவே. நான்தான் தூக்கை வாங்கி ஊத்திக்கிட்டேன். அன்னைக்கு டாக்டர் சொன்னப்பவே இதைச் சொல்லியிருக்கோணும். வாயி வரல.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். ஆமாம், அந்தக் குழம்போடுதான்! எழுந்து கை கழுவினாள். “நாளைக்குச் சந்தைக்குப் போனா எளங்கருதாப் பாத்து வாங்கிட்டு வா தம்பி. நெகத்துல கிள்ளுனா பாலு தெறிக்கோணும்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் விஜயாவும் வீடு திரும்பிய பிறகு, அக்கா அடுப்படிக்குள் போனாள். நாங்கள் யாரும் பேச்சுக்கூடக் கொடுக்கவில்லை. நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் அடுப்படியையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணிகளைச் சீவினாள். பாதியை வேகவைத்தாள். மீதிப் பாதியை என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தால், மிக்ஸியில் போட்டு நைசாக அரைத்து, துணியில் வடிகட்டினாள். வெண்ணிறத்தில், லேசான மஞ்சள் ஓடி, கெட்டியாக இறங்கியது சோளத்தின் சொந்தப் பால். தேங்காய்ப்பாலுக்குப் பதில் அது. சின்ன வெங்காயத்தை வதக்காமல் அனலில் சுட்டுத் தோலை உரித்துப் போட்டாள். கொத்தமல்லி விதையும் சீரகமும் வரமிளகாயும் வெறும் சட்டியில் வறுத்து அரைத்தது. சோளப்பால் கொதிக்கக் கொதிக்கத் தானாகவே கெட்டிப்பட்டது. கடைசியில் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும்.

மேலே எண்ணெய் மிதக்கவில்லை. பார்ப்பதற்குக் கொஞ்சம் மொட்டையாகத்தான் இருந்தது.

எல்லோருக்கும் அதே சட்டியிலிருந்து பரிமாறினாள். மச்சான் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பழக்க தோஷம் — வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது.

“எண்ணெய் பத்தலையே...”

விஜயா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். போச்சு. இனி இந்த ஜென்மத்தில் அவள் கரண்டியைத் தொடப் போவதில்லை என்று நினைத்தேன்.

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பத்தாதுதானுங்க. இனிமேலும் பத்தாது. இதைத் திங்கறதுன்னாத் தின்னுங்க. இல்லாட்டி, மழையில நனைஞ்சுக்கிட்டுப் பன்னுத் திங்கப் போங்க.”

மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திரும்பி என்னை முறைத்தார். நான் கையை விரித்தேன். நான் சொல்லவே இல்லை ஐயா! அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தோம். தோள் குலுங்கியபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

மச்சான் குனிந்து சாப்பிட்டார். தட்டு காலியானதும் தலையை நிமிர்த்தாமல் தட்டை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார். அக்கா இன்னொரு கரண்டி போட்டாள்.

முதல் நாளே அமிர்தமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் இல்லை. சுமார்தான். கொஞ்சம் இனித்தது. பிறகு அவளே புளிப்புக்கு மோரைத் தெளித்தாள், மிளகைத் தட்டிப் போட்டாள், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைத் திருத்திக்கொண்டே இருந்தாள். மச்சானுக்கு மெல்ல எடை ஏறியது. பேக்கரிக்காரர்தான் ஒரு வாடிக்கையாளரை இழந்தார்.

இந்த விஷயத்தில் நான் யோசித்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், நாம் உடனே அவரைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம். தனிப் பாத்திரம், தனி டம்ளர், தனிக் குரல். எல்லாம் அன்பால்தான். அப்புறம் அந்த நோய்க்கு ஒரு காரணத்தைத் தேடுகிறோம். தேடினால் யார் கிடைப்பார்கள்? அடுப்படியில் இருப்பவர்கள்தான். இத்தனை வருஷம் வயிறு நிறைந்ததற்கு அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. நெஞ்சு வலித்ததற்கு மட்டும் கேட்கிறோம் — விளையாட்டாகக்கூட. நோயாளிக்கு மருந்து எழுதித் தருகிறார்கள். சமைத்துப் போட்டவளுக்கு யார் எழுதித் தருவது? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

மச்சான் திறந்தார். தாமதமாகத்தான். ஆனாலும் திறந்தார்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. போன வாரம் தோட்டத்தில் கருது பால் பிடித்திருக்கிறது, வாங்க என்று போன் வந்தது. நானும் விஜயாவும் போனோம். வழக்கம்போலச் சொந்தக்காரர்கள் கூட்டம். பந்தியில் சோளக் கூட்டு. ஒரே பாத்திரம்தான், எல்லோருக்கும் அதுதான். எனக்குக் கொஞ்சம் பயம். கொடுமுடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா கூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார், நாக்கில் வைத்தார், புருவத்தை உயர்த்தினார்.

“ஏனுங்கம்மிணி, எண்ணெயே காணோம், தேங்காயும் காணோம்... ஆனா நல்லாத்தான் இருக்குது. இந்தப் பக்குவத்தை எங்க புடிச்சீங்க?”

அக்கா பரிமாறிக்கொண்டே, என் பக்கம் கரண்டியை நீட்டினாள்.

“எல்லாம் என்ற தம்பியாலதானுங்க. ஒருக்கா அவன் இதைச் செஞ்சான். இன்னொருக்கா செஞ்சுபோடுவானோங்கற பயத்துல நானே கத்துக்கிட்டேன்.”

பந்தியே சிரித்தது. வாரா வாரம் உங்களிடம் இத்தனை பேசுகிறவன், அன்றைக்கு வாயே திறக்காமல் தட்டை நீட்டினேன்.